கைவிடப்பட்டவர் என்ற கட்டம்

"வந்துச்சாங்க்கா?" என்று நஸீமா கேட்டது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு இல்லைங்க என்றேன், மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. ஆறு எண் உங்க போனுக்கு வரும், அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். மீதியை நான் பார்த்துக்கறேன் என்று யார் சொன்னாலும் எனக்குக் காதுக்குப் பின்னால் சூடாகும். எந்த மீதி. எவ்வளவு மீதி. அவளுடைய பிரவுசிங் சென்டர் முன்பு டெய்லர் கடையாக இருந்தது, சுவரில் இன்னும் யாருடையதோ தோள் அளவும் கை அளவும் பென்சிலில் கிடக்கின்றன. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒன்றில் நான், இன்னொன்றில் கரண்ட் பில் கட்ட வந்த ஒரு பெரியவர். நான் வந்து உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரின் முகத்தைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்தாள், நான் அடிக்கிறது சரியான்னு நீங்களும் பாருங்க்கா என்றாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்கிறவளிடம் எதைத் தேடவேண்டும் என்று தெரியும், திறந்து காட்டுகிறவளிடம் எங்கே போய்த் தேடுவது. எவ்வளவுங்க ஆகும் என்று இரண்டு தடவை கேட்டேன். முடியட்டும்க்கா, பார்த்துக்கலாம் என்றாள். இதோ, இன்னொரு பார்த்துக்கலாம்.

பிறகு அவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஆதார்ல இருக்கற உங்க நம்பர் அறுபது நாற்பத்தேழுலயா முடியுது, இல்லையே, நீங்க குடுத்தது வேற ஆச்சே என்றாள். அறுபது நாற்பத்தேழு. ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. அந்த எண் எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில், கேஸ் புத்தகத்தில், ஆஸ்பத்திரிச் சீட்டில், பதினோரு வருஷம் எந்தக் காகிதத்தில் போன் நம்பர் என்று கேட்டிருந்தாலும் நான் எழுதினது அதைத்தான். அது வெள்ளிங்கிரியின் நம்பர். என் வீட்டுக்காரர். இருந்தவர். வெள்ளக்கோவிலில் ஆதார் எடுக்க வரிசையில் நின்ற நாள் ஞாபகம் வந்தது, எனக்குப் பின்னால் அவர், நான் என் நம்பரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் தோளுக்கு மேலிருந்து அவர் தன் நம்பரைச் சொன்னார், அதிகாரமாகக்கூட இல்லை, கடையில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிற மாதிரி. அதற்குப் பிறகு எனக்கு வரவேண்டியதெல்லாம் முதலில் அவருக்குத்தான் வந்தது. கேஸ் வருகிற தேதி, கம்பெனி பி.எஃப்., பேங்கில் போட்டது எடுத்தது எல்லாம். என் வாழ்க்கையை எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டு, சாயங்காலம் நான் வந்ததும் அதில் கேள்வி கேட்பார். அவரை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. சிம் மாற்றினேன், வீடு மாற்றினேன், ஊர் மாற்றினேன். இதை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை. மறந்துவிட்டேனா. நான் எதையாவது மறக்கிற ஆளா.

ரேகை வைத்துப் பார்த்துவிடலாம் என்று நஸீமா ஒரு சின்ன மிஷினை எடுத்து வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வலது கட்டைவிரலை வைத்தேன், எடுக்கவில்லை. இடது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். ஈரத்துணியில் துடைக்கச் சொன்னாள், தலையில் தேய்க்கச் சொன்னாள், எண்ணெய்ப் பசை இருந்தால் எடுக்குமாம். எடுக்கவில்லை. நாலு வருஷமாகப் பனியன் வேஸ்ட் குடோனில் உட்கார்ந்து துணி பிரிக்கிறேன், கம்பெனிகளில் வெட்டிப் போட்ட துண்டுகள் மலை மாதிரி வரும், வெள்ளையைத் தனியாக, சாயம் போட்டதைத் தனியாக, நைலான் கலந்ததைத் தனியாகப் போடவேண்டும், சலவை மருந்தும் துணிப்பஞ்சும் சேர்ந்து விரல் நுனியை வழவழவென்று ஆக்கிவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் பேங்கில் கணக்குத் தொடங்கியபோது எடுத்த விரல்தான் இது. இப்போது நான் ருக்குமணிதான் என்று என் விரலே சொல்ல மாட்டேன் என்கிறது. போன் நம்பரை மாற்ற போஸ்ட் ஆபீசில் மனுக் கொடுக்கலாம், ஆனால் ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்றாள் நஸீமா. தொழில் கடனுக்கு விண்ணப்பிக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். அப்படி என்று இவள்தான் சொல்கிறாள். கடைசி நாள் என்று சொல்லித்தான் எல்லாரும் எல்லாவற்றையும் விற்கிறார்கள். ஆனால் கடைசி நாள் என்று அந்த ஆபீஸ்காரரும் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால்? இரண்டு பேரும் பேசி வைத்திருந்தால்? என் ஒருத்தியை ஏமாற்ற ஒரு அரசாங்க ஆபீசும் ஒரு பிரவுசிங் சென்டரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தாலும் அந்த நினைப்பு போகவில்லை.

அந்த ஆபீசுக்கு நான் போனதே பெரிய கதை. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில், சிறுதொழில் தொடங்க மானியத்துடன் கடன், பெண்களுக்கு முன்னுரிமை என்று இருந்தது. மானியம் என்றால் திருப்பிக் கட்டவேண்டாத பணம். திருப்பிக் கட்டவேண்டாத பணம் என்று உலகத்தில் ஒன்று உண்டா. இரண்டு மாதம் அந்த நோட்டீசைத் தாண்டித் தாண்டிப் போய்விட்டு, மூன்றாவது மாதம் அரைநாள் லீவு போட்டுக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருந்த அந்த ஆபீசைத் தேடிப் போனேன். மூன்றாவது மேசையில் இருந்தவர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்ன தொழில் என்று கேட்டார். வெள்ளைத் துண்டுகளை ஒரே அளவாக வெட்டி, அழுத்தி மூட்டை போட்டு, லேத் பட்டறைகளுக்கும் மெக்கானிக் ஷெட்டுகளுக்கும் எண்ணெய் துடைக்கிற துணியாக விற்கலாம், அதற்கு ஒரு வெட்டுகிற மிஷினும் மூட்டை போடுகிற மிஷினும் வேண்டும் என்றேன். அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு, யாருக்கும் ஒரு ரூபாகூடக் குடுக்காதீங்கம்மா, ஆன்லைன்ல நீங்களே போடுங்க என்றார். எதுவும் கேட்கவில்லை. வெளியே டீக்கடையில் ஒருத்தர், நீல சட்டை, கையில் பிளாஸ்டிக் பை, எட்டாயிரம் குடுங்க, எல்லாம் முடிச்சுத் தர்றேன் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நீல சட்டைக்காரர்மேல்தான் நம்பிக்கை வந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒன்றும் வேண்டாதவருக்கு என்ன வேண்டும்? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த ஆபீஸ்காரரின் முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், ஒரு அழுக்கும் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

இந்தப் புத்தி எனக்குப் பிறக்கும்போதே வந்ததில்லை. வெள்ளிங்கிரி வீட்டில் கற்றுக்கொண்டது. அவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அதனால் நான் வந்த பிறகு என் அண்ணன் வீட்டில்கூட, அடிக்கலை, குடிக்கலை, அப்புறம் உனக்கென்ன என்றுதான் கேட்டார்கள். அவர் கணக்குப் பார்ப்பார், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் பதினோரு நிமிஷம். பதினைந்து ஆகிவிட்டால் அந்த நாலு நிமிஷம் எங்கே போனது என்று மெதுவாகத்தான் கேட்பார். ஓவர்டைம் என்றால் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு இன்னைக்கு வேலை ஜாஸ்திங்களா என்று சாதாரணமாக விசாரிப்பார். புதுச்சேலை கட்டினால் ஏன், பழையது கட்டினால் யாருக்காக இந்தப் பாவம் மாதிரி வேஷம். பதினோரு வருஷம் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கேள்வி வருவதற்கு முன்னாலேயே நான் பதில் தயார் செய்து வைத்திருப்பேன், தயாராக இருக்கிற பதில் பொய் மாதிரித்தானே கேட்கும், அதனால் இன்னொரு கேள்வி. ஒரு நாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டார், திரும்பினேன், மூன்று சீட்டு தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் இறங்கின இடத்தில் இறங்கினார், கம்பெனி கேட்டுக்குள் நான் போகிற வரைக்கும் ரோட்டுக்கு எதிரில் நின்றார், அடுத்த பஸ் ஏறித் திரும்பிப் போனார். அதற்குப் பிறகும் பதினாறு நாள் அவருக்குச் சமைத்துப் போட்டேன். பதினேழாவது நாள் ஒரு புதன்கிழமை. ஒரு பையோடு திருப்பூர் பஸ் ஏறினேன். பிள்ளை குட்டி இல்லாததால் பை கனக்கவில்லை.

இப்போது அந்த ஆளுக்கு நான் போன் போடவேண்டும். போட்டு, உங்களுக்கு ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்க என்று கேட்கவேண்டும். போட்டால் என் புது நம்பர் அவருக்குத் தெரிந்துவிடும். நம்பர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் தெரு. நஸீமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருதுங்க்கா அந்த நம்பர் என்று கேட்டாள். சொன்னேன். ஓ என்றாள். அந்த ஓ எதற்கு. முதலில் விவரம் கேட்கும்போது, வீட்டுக்காரர்? என்று கேட்டிருந்தாள், கூட இல்லைங்க என்று நான் சொன்னதும், சரி என்று எதையோ தட்டினாள். அப்போதே திரையில் பார்த்தேன். வரிசையாகக் கட்டங்கள். மணமாகாதவர். மணமானவர். விதவை. கணவனால் கைவிடப்பட்டவர். அதில் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். அதுக்குன்னா மானியம் கூடுதலாக் கிடைக்கும்க்கா, நீங்க போட வேண்டிய பங்கும் பாதிதான், தாசில்தார் ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் வாங்கி அப்புறமா ஏத்திக்கலாம் என்றாள். பாதிப் பங்கு என்றால் நான் மாதாமாதம் கட்டுகிற சீட்டை அவசரப்பட்டுத் தள்ளி எடுக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை. கைவிடப்பட்டவர். பஸ்ஸில் யாரோ மறந்து விட்டுப்போன பை மாதிரி. யார் என்னைக் கைவிட்டார்கள்? நானல்லவா வந்தேன். அவர் கையைத்தான் நான் விட்டேன். அதற்குக் கட்டம் எங்கே. நாலு கட்டங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன், தானாகக் கிளம்பி வந்தவளுக்கு அதில் இடமே இல்லை.

போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். காத்துக்கொண்டிருந்தாரா. எண் வந்ததைப் பார்த்ததும் நான்தான் எதற்கோ மனுப் போடுகிறேன் என்று புரிந்திருக்கும். யாருங்க என்று கேட்கவில்லை. சொல்லு என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு, அறிமுகமில்லாத நம்பரிலிருந்து வருகிற போனுக்கு ஒருவர் சொல்லு என்கிறார் என்றால் என்ன அர்த்தம். நான்தானுங்க என்றேன். தெரியுது, ஒரு நம்பர் வந்துச்சு, மூணு வாட்டி வந்துச்சு என்றார். பின்னால் என்னென்ன சத்தம் என்று என் காது தானாகவே தேடியது. குக்கர் விசில். டி.வி.யில் செய்தி. பொம்பளைக் குரல் ஏதாவது? பொம்பளைக் குரல் இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன. இருந்தும் காதை எடுக்க முடியவில்லை. எங்கிருக்க என்று கேட்டார். வேலையா இருக்கேனுங்க, அந்த நம்பரைச் சொன்னீங்கன்னா போதும் என்றேன். பிறகு ஆறு எண்களையும் ஒரே மூச்சில் படித்தார். நான் அப்படியே திருப்பிச் சொன்னேன், நஸீமா அடித்தாள். திரையில் சிவப்பு எழுத்தில், தவறான எண் என்று வந்தது.

வேண்டுமென்றே. முதலில் அதுதான் வந்தது, வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார், அவளுக்கு ஒரு காரியம் என் தயவில் நடக்கக்கூடாது என்று. அடுத்து, இல்லை, மூன்று தடவை வந்திருக்கிறதே, பழையதைப் படித்திருப்பார். அடுத்து, நான்தான் ஏழு என்றதை ஒன்று என்று கேட்டுவிட்டேனோ. அடுத்து, நஸீமா தப்பாக அடித்துவிட்டு எனக்குக் காட்டவில்லையோ, அவள் விரல் போகிற வேகத்தில் என்ன அடித்தாள் என்று நான் எங்கே பார்த்தேன். பெரியவர் இருமினார். இந்த இருமலுக்குக்கூட ஒரு காரணம் இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன், நினைத்ததும் எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வெள்ளிங்கிரி மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்து என் பின்தலையைப் பார்த்துக்கொண்டு என்னென்ன நினைத்திருப்பாரோ அதையெல்லாம் இப்போது நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் தவறாமல், நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டை விட்டு வந்தபோது ஒரு பைதான் எடுத்து வந்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதையும் எடுத்து வந்திருக்கிறேன். மறுபடி அனுப்பட்டுங்களாக்கா, இதுவும் தப்பாயிட்டா இன்னைக்கு முழுக்கப் போட முடியாது என்றாள் நஸீமா. அனுப்புங்க என்றேன். போனில் அவர் இன்னும் இருந்தார். வைத்துவிட்டுப் போகவில்லை.

"இரு, கண்ணாடி போட்டுக்கறேன்" என்றார் அவர். கண்ணாடியா. அவருக்கு எப்போது கண்ணாடி வந்தது. நான் இருந்தபோது தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரை எனக்கு முன்னால் படித்துச் சொல்வார். நிஜமாகவே போட்டுக்கொள்கிறாரா, முதல் தடவை தப்பாய்ச் சொன்னதற்குச் சாக்கா. ஏதோ டப்பா திறக்கிற சத்தம் கேட்டது, அது எந்த டப்பா வேண்டுமானாலும் இருக்கலாம். எண் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொன்றாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, எனக்கு ஸ்கூலில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மாதிரி படித்தார். நஸீமா என்னைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பச்சை டிக் வந்தது. அடுத்த பக்கம் திறந்தது. போனை இன்னொரு கைக்கு மாற்றினேன். இப்போது வைத்துவிடலாம். வைப்பதற்குள் அவர் கேட்டார், கடனா? மானியத்தோட கடனுங்க, தொழில் தொடங்க என்றேன், என்ன தொழில் என்று சொல்லவில்லை. எம்பேரு அதுல எங்கியாச்சும் வருதா என்றார். இல்லைங்க என்றேன். அப்படியா என்றார், அந்த அப்படியாவை நான் பதினோரு வருஷம் கேட்டிருக்கிறேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"புருசன் விட்டுட்டான்னு எழுதினா நெறைய வருமாம்ல. எழுதிக்க. வி.ஏ.ஓ. இங்க வந்து கேட்டார்னா ஆமான்னு சொல்லிப்போடறேன். ஊருக்குள்ளயும் அப்படித்தான சொல்லி வெச்சிருக்கறேன்."

ஊருக்குள்ளயும் அப்படித்தான சொல்லி வெச்சிருக்கறேன். சரிங்க, வெக்கறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. அவர் நல்லதற்குச் சொன்னாரா. நல்லதற்கும் இருக்கும். நாலு வருஷத்தில் ஒரு மனுசன் கொஞ்சம் மாறியிருக்கலாம், கண்ணாடி வந்த மாதிரி அதுவும் வந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையால் எனக்குப் பாதிப் பணம் மிச்சமாகும், அவருக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் நாலு வருஷமாக வெள்ளக்கோவிலில் டீக்கடையிலும் கோயில் வாசலிலும், நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அதைப் பாதிப்பேர் நம்பியிருப்பார்கள், பாதிப்பேர் நம்பியிருக்கமாட்டார்கள். நம்பாதவர்களுக்கு இனிமேல் தாசில்தார் சீல் போட்ட காகிதம் கிடைக்கும். அதை வாங்கி வருவது நான். அதில் கையெழுத்துப் போடுவது நான். பதினாறு நாள் யோசித்து, பதினேழாவது நாள் பஸ் ஏறினேனே, என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதை எடுத்து அவர் கணக்கில் எழுதிவிட்டு வரச்சொல்கிறார். தெரிந்து சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ. எனக்கு இப்போது அதுகூட முக்கியமாகப் படவில்லை, தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் போகிறது என் புதன்கிழமைதான்.

அந்த டிக்கை மாத்திருங்க என்றேன். நஸீமாவுக்குப் புரியவில்லை. மணமானவர்னு போட்டிருங்க என்றேன். ஏங்க்கா, மானியம் குறைஞ்சிரும், உங்க பங்கு ரெண்டு மடங்காயிரும், தெரியுமில்ல, அவரு சரின்னு சொல்லிட்டாருல்ல, நானே கேட்டேனே என்றாள். அவள் காதில் விழுகிற அளவுக்கா அவர் பேசினார். பெரியவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். இந்த ஊரில் இதுவரை நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, நான் குடியிருக்கிற லைன் வீட்டுக்காரம்மாவிடம் வீட்டுக்காரர் வெளியூரில் வேலை என்றும், குடோனில் உடம்பு சரியில்லாதவர் என்றும் ஆளுக்கொன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"அவரு விடலைங்க. நான்தான் வந்துட்டேன்" என்றேன்.

நஸீமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அதில் இரக்கம் இருக்கிறதா, கேலி இருக்கிறதா என்று தேடினேன். அவள் கண்ணாடியில் கம்ப்யூட்டரின் வெளிச்சம்தான் இருந்தது. முந்தின பக்கத்துக்குப் போய் டிக்கை எடுத்து, மேலே ஒரு கட்டத்தில் வைத்தாள். இப்ப சரியான்னு பாருங்க்கா என்றாள். மணமானவர். அதுவும் முழு உண்மையில்லை, ஆனால் அதில் யாரும் யாரையும் விடவில்லை. தொழிலின் விவரம், மிஷின் விலைக்குக் கோயமுத்தூரில் போய் நான் வாங்கி வந்த கொட்டேஷன், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், எல்லாவற்றையும் ஏற்றினாள். இனித் தகவல் வருவதற்கு எந்த நம்பர் என்று ஒரு இடம் கேட்டது. என் நம்பரைச் சொன்னேன், அவள் அடித்தாள், நான் ஒவ்வொரு எண்ணாகத் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். சமர்ப்பி என்று ஒரு நீலப் பட்டன். அழுத்தட்டுங்களா என்றாள். கொஞ்சம் இருங்க என்றேன். எதற்கு இருக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு, ம் என்றேன். பிரிண்டர் கரகரவென்று ஒரு காகிதத்தைத் தள்ளியது. அறுபது ரூபாய் என்றாள். நூறு கொடுத்தேன், நாற்பது திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதானுங்களா என்றேன். அவ்வளவுதாங்க்கா என்றாள், அதற்குள் பெரியவரின் கரண்ட் கார்டை வாங்கிவிட்டாள்.

ரோட்டுக்கு வந்ததும் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்று அந்தக் காகிதத்தைப் படித்தேன். பெயர் சரி. அப்பா பெயர் சரி. கதவு எண் சரி. பேங்க் கணக்கு எண்ணைப் பாஸ்புக்கோடு வைத்து இரண்டு தடவை பார்த்தேன், சரி. கடைசியில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன், நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவீர்கள், அசல் சான்றிதழ்கள் கொண்டுவரவும், அவ்வளவுதான் இருந்தது. போன் ஒரு தடவை துடித்தது, என் நம்பருக்கு, விண்ணப்பம் பெறப்பட்டது என்று. அதன் கீழே நீலத்தில் ஏதோ ஒரு லிங்க் இருந்தது, அதை நான் தொடவில்லை. திரும்ப முதலிலிருந்து படித்தேன். எங்காவது ஒரு இடத்தில் கொக்கி இருக்கும், நான் விட்டுவிட்டேன். இல்லை. எங்கேயும் இல்லை. ஆபீஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை, நஸீமா அறுபது ரூபாய் வாங்கினாள், வெள்ளிங்கிரி இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார். அப்போதுதான், அந்த வெயிலில், எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாள் யாரோ ஏமாற்றப் போகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு வசதி இருந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு பழையபடி துணி பிரிக்கப் போய்விடலாம். யாருமே ஏமாற்றவில்லை என்றால், இன்டர்வியூவில் நான்தான் பேசவேண்டும், மிஷினை நான்தான் ஓட்டவேண்டும், பட்டறை பட்டறையாக நான்தான் ஏறி இறங்கவேண்டும். விற்காவிட்டால் அது என் துணி. அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன், நடக்க நடக்க அது வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

குடோனில் நான் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், போனபோது மூன்றே முக்கால். முதலாளி நாச்சிமுத்து தராசுக்குப் பக்கத்தில் நின்று லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேசன் கார்டு வேலை முடிஞ்சுதா என்று கேட்டார், லீவு கேட்கும்போது நான் சொன்ன காரணம் அது. முடிஞ்சுதுங்க என்றேன். லாரியில் வெள்ளை மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. அளவில்லாமல் கிழித்தது, நடுநடுவே நைலான் கலந்தது, இதை வாங்கிப் போகிற பட்டறைக்காரன் பாதியைத் தூக்கித்தான் போடுவான், ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தால் கிலோவுக்கு இன்னும் கூடத் தருவான். நாலு வருஷம் இந்த மூட்டைகளை நான் கட்டியிருக்கிறேன், அவை எங்கே போகின்றன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. இந்த வெள்ளை லோடு யாருக்குங்க போகுது என்று கேட்டேன்.

நாச்சிமுத்து கையிலிருந்த சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "கோயமுத்தூருக்குப் போகுது. நீ எதுக்குக் கேக்கற?" என்றார்.

சும்மாதானுங்க என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை, பிறகு கடிகாரத்தை, பிறகு மறுபடி என்னை. இந்தப் பார்வை எனக்குத் தெரியும், பதினோரு வருஷம் இதற்குக் கீழேதான் சமைத்தேன், தூங்கினேன், பஸ் ஏறினேன். கால் நடுங்கவேண்டும், இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன், நடுங்கவில்லை. ஒன்றுமே செய்யாதவளை வெள்ளிங்கிரி பார்த்த பார்வை அது. இவர் பார்ப்பது அப்படியல்ல. நான் நிஜமாகவே எதையோ மறைக்கிறேன், நிஜமாகவே பொய் சொல்லிவிட்டுப் போய் வந்திருக்கிறேன், நிஜமாகவே இவருக்குப் பக்கத்தில் இன்னொரு கடை போடப்போகிறேன். என் மேல் ஒருவர் பட்ட சந்தேகம் முதல் முறையாகச் சரியாக இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன், வெள்ளைக் குவியலைக் கையால் என் பக்கம் சேர்த்தேன், அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.